ஸ்டோமா ஓரத்தில் ரத்தம்: கசிவது வயிற்றில், காரணம் ஈரலில்

இதைப் படிக்கும் நேரத்தில் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஸ்டோமாவின், அதாவது வயிற்றில் வெளியே வைத்துத் தைத்த குடல் வாயின், ஓரத்திலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால், கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் அவரைப் படுக்க வையுங்கள். மலமோ சிறுநீரோ சேர அதன்மேல் ஒட்டியிருக்கும் பையைக் கழற்றுங்கள். ரத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, சுத்தமான காஸ் துணியையோ மடித்த பருத்தித் துணியையோ வைத்து, அந்த இடத்தை விரலால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். 10 முதல் 15 நிமிடம் வரை கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி உடைத்துக்கொள்ளும். அழுத்திக்கொண்டே இன்னொருவரை ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

பையைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. பை ரத்தத்தைப் பிடித்துவைக்கும், நிறுத்தாது. மேலும், எங்கிருந்து வருகிறது என்பதையும் அது மறைத்துவிடும்.

சரி, இப்போது நிதானமாகப் பார்க்கலாம்.

புற்றுநோயாலோ குடல் அழற்சியாலோ அடைப்பாலோ குடலின் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வரும்போது, மீதிக் குடலின் நுனியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தோலோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அந்த வாய்தான் ஸ்டோமா. சிறுகுடலை வெளியே வைத்தால் இலியோஸ்டமி, பெருங்குடலை வைத்தால் கொலோஸ்டமி. சிறுநீர்ப்பையை எடுத்தவர்களுக்குச் சிறுகுடல் துண்டு ஒன்றின் வழியாகச் சிறுநீர் வெளியேற வைக்கும் யூரோஸ்டமியும் உண்டு. மூன்றிலும் இந்தச் சிக்கல் வரலாம்.

ஸ்டோமாவில் ரத்தம் பார்ப்பது அரிதான விஷயம் இல்லை. அதன் மேல்பரப்பு நம் வாயின் உட்புறம் போல மெல்லியது. பையை மாற்றும்போது துணி பட்டு நாலைந்து சொட்டு வந்து தானே நிற்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். நான் இங்கே சொல்ல வருவது வேறு வகை ரத்தக்கசிவு. வலி எதுவும் இருக்காது. பையைத் திறந்தால் கருஞ்சிவப்பு ரத்தம் நிறைந்திருக்கும், அல்லது பையை உரித்தவுடனே சிரையிலிருந்து வழிந்தோடும். அழுத்தினால் நிற்கும். சில நாளிலோ சில வாரத்திலோ திரும்ப வரும். இது ஸ்டோமாவைச் சுற்றி வீங்கிப்போன சிரைகள் உடைவதால் வருவது. மருத்துவர்கள் ஸ்டோமல் வேரிசஸ் என்பார்கள்.

இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்று நான் நினைக்கிறேன்: இதற்கான சிகிச்சை இரண்டு தனித்தனி வேலைகள். இப்போது வரும் ரத்தத்தை நிறுத்துவது ஒன்று. அது மறுபடி வராமல் செய்வது இன்னொன்று. முதல் வேலை பெரும்பாலும் ஒரு விரலாலோ ஒரு தையலாலோ முடிந்துவிடுகிறது. அது அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதால்தான் இரண்டாவது வேலை பல நோயாளிகளுக்கு நடக்காமலே போகிறது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள், கொஞ்ச நாளில் திரும்ப வருவார், மறுபடி தையல், மறுபடி ரத்தம் ஏற்றுவது என்று சுற்றிக்கொண்டே இருப்பார். ஈரலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஈரல் ஏன் இதில் வருகிறது?

உடம்பில் மற்ற பெரும்பாலான உறுப்புகளிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போகிறது. குடலிலிருந்து திரும்பும் ரத்தம் அப்படிப் போவதில்லை. சாப்பாட்டிலிருந்து உறிஞ்சிய சத்துகளோடு அது முதலில் ஈரலுக்குள் நுழைகிறது. அதைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய் போர்ட்டல் சிரை. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. ஆனால் இதில் அழுத்தம் மிகக் குறைவு: 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம். கையில் பட்டை கட்டி நாம் பார்க்கும் ரத்த அழுத்தம் 120/80 என்று வருவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஈரல் மென்மையாக இருக்கும்வரை இந்தச் சிறிய அழுத்தமே போதும். ரத்தம் தடையில்லாமல் உள்ளே போய்விடும்.

குடி, கொழுப்பு ஈரல், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி கிருமி என்று ஏதோ ஒன்றால் ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டால், அதாவது சிரோசிஸ் வந்துவிட்டால், உள்ளே போக வழி இல்லாமல் ரத்தம் தேங்குகிறது. போர்ட்டல் சிரையின் அழுத்தம் ஏறுகிறது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரப்பில் பலவீனமான இடம் பார்த்து உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குப் பாய்வது போல, ரத்தமும் சுற்றுவழி தேடுகிறது. போர்ட்டல் சிரைக்குள் வால்வுகள் கிடையாது என்பதால் அது வந்த வழியே திரும்பிப் பாயவும் முடியும்.

குடல் பக்கத்துச் சிரைகளும் உடம்பின் பொதுச் சிரைகளும் சந்திக்கும் சில இடங்கள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. உணவுக்குழாயின் அடிப்பகுதி, தொப்புளைச் சுற்றிய பகுதி, ஆசனவாய் ஆகியவை அதில் முக்கியமானவை. சிரோசிஸ் நோயாளிகள் ரத்த வாந்தி எடுப்பது உணவுக்குழாய்ச் சிரைகள் உடைவதால்தான். ஸ்டோமா வைக்கும் ஆபரேஷன், இவற்றோடு புதிதாக ஒரு சந்திப்பை உண்டாக்கிவிடுகிறது. குடலின் நுனியில் இருப்பவை போர்ட்டல் பக்கத்துச் சிரைகள். அதைத் தைத்திருக்கும் தோலிலும் வயிற்றுச் சுவரிலும் இருப்பவை பொதுச் சிரைகள். தையல் ஆறும்போது இரண்டுக்கும் நடுவே நுண்ணிய ரத்தக்குழாய்கள் வளர்ந்து இணைந்துகொள்ளும். ஈரல் நன்றாக இருப்பவருக்கு அவை கண்ணுக்கே தெரியாது. போர்ட்டல் அழுத்தம் ஏறியவருக்கு அதே குழாய்கள் நாளடைவில் புடைத்து, நெளிந்து, சுவர் மெலிந்துபோகின்றன. பையின் விளிம்பு உரசினாலே உடையும் நிலைக்கு வந்துவிடுகின்றன.

மருத்துவ இதழ்களில் இது முதன்முதலாகப் பதிவானது 1968-ல். இன்றும் அரிதான நோய்தான். ஆகவே இரவு டியூட்டியில் இருக்கும் இளம் மருத்துவர் இதை முன்னே பின்னே பார்த்திராமல் இருக்கலாம். அது அவர் குற்றமில்லை. நோயாளியும் வீட்டாரும் விஷயத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

எல்லோருக்கும் சிரோசிஸ்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. போர்ட்டல் சிரையிலேயே ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருக்கலாம். இன்னொரு காரணத்தை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. மலக்குடல், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனோடு கீமோதெரபியும் கொடுக்கிறார்கள். அதில் அதிகம் பயன்படும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து சிலருக்கு ஈரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பாதித்து, சிரோசிஸ் இல்லாமலே போர்ட்டல் அழுத்தத்தை ஏற்றிவிடும். மண்ணீரல் பெருத்து, ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்தே இருப்பது அதன் அடையாளங்கள். ஒரு சொட்டுக் குடி அறியாதவருக்கு, மஞ்சள் காமாலையே வராதவருக்கு, ஸ்டோமாவில் இப்படி ரத்தம் வந்தால் குழம்பிப்போவார்கள். கீமோவின் பழைய சீட்டைப் பார்த்தால் விடை கிடைக்கலாம்.

கண்ணால் பார்த்தே சந்தேகிக்கலாம்

ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோல் ஊதாவும் நீலமும் கலந்த நிறத்தில் வளையம் போலத் தெரியும். விரலால் அழுத்தினால் அந்த நிறம் வெளிறி, எடுத்தவுடன் திரும்ப வரும். உற்றுப் பார்த்தால் மெல்லிய சிரைகள் வெளிப்பக்கமாகப் பரவியிருக்கும். ஸ்டோமாவின் மேல்பரப்பு கொஞ்சம் வீங்கி, பொரிப்பொரியாக, வழக்கத்தைவிடக் கறுத்துத் தெரியலாம். ரத்தம் வரும் இடம் பெரும்பாலும் குடலும் தோலும் சேரும் விளிம்புதான். ரத்தம் ஸ்டோமாவின் உள்ளேயிருந்து, மலத்தோடு கலந்து வந்தால் கதை வேறு. குடலுக்குள்ளோ வயிற்றிலோ புண்ணோ உடைந்த சிரையோ இருக்கலாம், அதற்கு எண்டோஸ்கோபி வேண்டும்.

உறுதி செய்ய டாப்ளர் ஸ்கேனும், சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேனும் உதவும். டாப்ளர் கருவியை வயிற்றில் அழுத்தி வைத்தால் இந்தச் சிரைகள் நசுங்கி மறைந்துவிடும், ஆகவே லேசாக வைத்துப் பார்க்க வேண்டும். சிடி ஸ்கேன் இன்னும் முக்கியம். எந்தச் சிரை ரத்தத்தைக் கொண்டுவருகிறது, எந்தச் சிரை வழியாக வெளியேறுகிறது, போர்ட்டல் சிரையில் கட்டி இருக்கிறதா என்று அதில் தெரியும். பின்னால் வரும் சிகிச்சை முழுக்க இந்த வரைபடத்தை நம்பித்தான் நடக்கிறது.

ஆஸ்பத்திரியில் முதல் நாள்

அங்கேயும் முதலில் அழுத்திப் பிடிப்பார்கள். அட்ரினலின் நனைத்த காஸ் வைப்பார்கள், சில்வர் நைட்ரேட் குச்சியால் பொசுக்குவார்கள், அல்லது உடைந்த சிரையைச் சுற்றி ஒரு தையல் போடுவார்கள். இவை கையால் எட்டக்கூடிய இடத்தில் இருக்கும் சிரைகள். உணவுக்குழாயில் உடையும் சிரையைவிட இதில் உயிரிழப்பு மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஆனாலும் ஏற்கெனவே ஈரல் கெட்டவர் நிறைய ரத்தம் இழந்தால் நிலைமை சீக்கிரம் மோசமாகும். விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வீட்டார் இதில்தான் மருத்துவரோடு அதிகம் வாதாடுகிறார்கள். இவ்வளவு ரத்தம் போயிருக்கிறதே, நாலு யூனிட் ஏற்றுங்கள் என்று கேட்பது இயல்பு. ஆனால் போர்ட்டல் அழுத்தம் உள்ளவருக்கு ரத்தம் அதிகமாக ஏற்றினால் அந்த அழுத்தமும் சேர்ந்து ஏறும், அடைபட்ட சிரை மறுபடி உடையலாம். வயிற்றிலும் உணவுக்குழாயிலும் ரத்தக்கசிவு வந்தவர்களை வைத்து ஸ்பெயினின் பார்சிலோனாவில் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்கள், 9-க்குக் கீழே போனாலே ஏற்றப்பட்டவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். இதய நோய் உள்ளவர்களுக்குக் கணக்கு மாறும். மற்றபடி மருத்துவர் 7 அல்லது 8-லேயே நிறுத்தினால் அவர் கஞ்சத்தனம் செய்யவில்லை.

குடலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்க டெர்லிப்ரெஸ்ஸின் அல்லது ஆக்ட்ரியோடைட் ஊசி மருந்துகளும், சிரோசிஸ் உள்ளவர்களுக்குத் தொற்றைத் தடுக்க ஆன்டிபயாட்டிக்கும் தருவது வழக்கம்.

அப்புறம்தான் உண்மையான கேள்வி

ரத்தம் நின்றுவிட்டது. சிரைகளும் அழுத்தமும் அப்படியே இருக்கின்றன. இப்போது என்ன செய்வது?

முன்பு அறுவை மருத்துவர்கள் ஸ்டோமாவைச் சுற்றி வட்டமாக வெட்டி, குடலையும் தோலையும் இணைக்கும் சிரைகளையெல்லாம் பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தார்கள். சில மாதங்கள் நன்றாக இருக்கும். புண் ஆறும்போது புதுச் சிரைகள் வளர்ந்துவிடும். சிலருக்கு ஸ்டோமாவையே வேறு இடத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். புது இடத்திலும் அதே கதை. ஈரலில் வழி திறக்காதவரை ரத்தம் சுற்றுவழி தேடிக்கொண்டுதான் இருக்கும். வீங்கிய சிரைக்குள் மருந்து செலுத்திச் சுருங்கவைக்கும் ஊசியும் உண்டு. கண்மூடித்தனமாகப் பலமுறை போட்டால் ஸ்டோமா புண்ணாகும், அதன் ஒரு பகுதி செத்துப்போகவும் கூடும்.

இன்று நிலையான தீர்வை நோக்கிப் போகும் முதல் வழி டிப்ஸ் என்ற சிகிச்சை. வயிற்றைக் கிழிப்பதில்லை. கழுத்தில் உள்ள சிரையில் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, இதயத்தின் வலதுபக்கம் வழியாக ஈரலின் வெளியேறும் சிரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து ஊசியால் ஈரல் சதையைத் துளைத்துப் போர்ட்டல் சிரையை எட்டுகிறார்கள். அந்தத் துளையில் உறை போட்ட ஒரு ஸ்டென்ட் வைக்கிறார்கள், 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம். தேங்கி நின்ற ரத்தத்துக்கு ஈரலின் ஊடே நேர்வழி கிடைத்துவிடுகிறது. 1969-ல் ஜோசப் ரோஷ் என்ற கதிரியக்க மருத்துவர் விலங்குகளில் செய்து காட்டிய யோசனை இது. உலோக ஸ்டென்ட் வைத்து மனிதருக்கு முதன்முதலாக இதைச் செய்தது 1988-ல், ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில். இடையில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஓடிவிட்டன, ஏனென்றால் போட்ட வழி மூடிக்கொள்ளாமல் வைத்திருக்க ஏற்ற ஸ்டென்ட் அதுவரை இல்லை.

உணவுக்குழாய்ச் சிரைகளைப் பொறுத்தவரை, போர்ட்டல் பக்கத்துக்கும் பொதுப் பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை 12 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே கொண்டுவந்தால் பெரும்பாலும் உடைவதில்லை. ஸ்டோமாச் சிரைகள் இந்தக் கணக்குக்கு முழுக்கக் கட்டுப்படுவதில்லை. 12-க்குக் கீழேயும் சில நேரம் உடைகின்றன. அதனால் டிப்ஸ் போட்ட கையோடு, அதே வழியாக ஸ்டோமாவுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைக்குள் போய் உலோகச் சுருள்களோ பசையோ வைத்து அடைத்துவிடுவது நல்லது. அழுத்தத்தைக் குறைப்பது, வழியை அடைப்பது, இரண்டும் சேரும்போதுதான் மறுகசிவு நன்றாகக் குறைகிறது.

டிப்ஸ் எல்லோருக்கும் பொருந்தாது. ஈரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போவதால், ஈரல் வடிகட்டியிருக்க வேண்டிய நச்சுகள் மூளைக்குப் போகும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குழப்பம், பகலில் தூக்கம், கை நடுக்கம் போன்றவை வரலாம். பெரும்பாலும் லாக்டுலோஸ் போன்ற மருந்துகளால் சமாளிக்க முடியும். இதயம் பலவீனமானவர்கள், ஈரல் மிகவும் கெட்டு மஞ்சள் காமாலை ஏறியவர்கள், ஏற்கெனவே குழப்பம் வந்துபோகிறவர்கள் ஆகியோருக்கு இதைத் தவிர்ப்பார்கள்.

அவர்களுக்கு அடைப்பதை மட்டும் செய்யலாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசியை நேரே வீங்கிய சிரைக்குள் செலுத்தி, பசையோ நுரை மருந்தோ உலோகச் சுருளோ வைக்கிறார்கள். சிரைகள் தோலுக்கு மிக அருகில் இருப்பது இங்கே வசதி. அல்லது ஈரல் வழியாகவோ பொதுச் சிரைகள் பக்கமிருந்தோ குழாய் நுழைத்து அடைப்பதும் உண்டு. உடனடிப் பலன் நன்றாக இருக்கும். அழுத்தம் குறையாததால் சில மாதங்களில் வேறு சிரை வழியாகத் திரும்ப வரலாம், உணவுக்குழாய்ச் சிரைகள் பெருக்கலாம், வயிற்றில் நீர் கோக்கலாம். தெரிந்துகொண்டே செய்யும் சிகிச்சை இது. புற்றுநோய் முற்றியவருக்கோ மிகவும் தளர்ந்தவருக்கோ இதுவே சரியான முடிவாகவும் இருக்கும்.

மாத்திரைகளில் புரோப்ரனலால், கார்வெடிலால் இரண்டும் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைப்பவை. சிரோசிஸ் நோயாளிகளில் மறுகசிவைப் புரோப்ரனலால் தடுக்கிறது என்று பாரிஸில் டிடியே லெப்ரெக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1981-ல் காட்டினார்கள். ஸ்டோமாச் சிரைகளுக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் மாத்திரையை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தானாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

தற்காலிக ஸ்டோமா என்றால், உடல்நிலை இடம்கொடுக்கும்போது குடலை உள்ளே சேர்த்து மூடிவிட்டால் அந்தச் சந்திப்பே இல்லாமல் போகும். ஈரல் முழுவதும் கெட்டவருக்கு ஈரல் மாற்று ஆபரேஷன் மூலகாரணத்தையே எடுத்துவிடுகிறது.

வருமுன் யோசிக்க வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி உள்ளவர்களில் சிலருக்குப் பித்தக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் பி.எஸ்.சி. நோயும் சேர்ந்து வரும். அது நாளடைவில் சிரோசிஸில் கொண்டுபோய் விடும். இவர்களுக்குப் பெருங்குடலை எடுத்து நிரந்தர இலியோஸ்டமி வைத்தால் ஸ்டோமாச் சிரைகள் அடிக்கடி வருவதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1986-லேயே எழுதினார்கள். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு, முடிந்த இடத்தில், சிறுகுடலையே பை போல மடித்து ஆசனவாயோடு உள்ளேயே இணைக்கும் ஆபரேஷனை விரும்புகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஈரலைச் சோதித்துப் பார்த்தால்தான் இந்த வாய்ப்பு கிடைக்கும்.

வீட்டில் இருக்கும்போது பையைப் பிய்த்து எடுக்காதீர்கள். ஒட்டு நீக்கும் ஸ்பிரேயோ திரவமோ பயன்படுத்தி, தோலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெல்ல உரியுங்கள். பையின் துளையை ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டுங்கள். தோல் பக்கமாகக் குவிந்து அழுத்தும் கடினமான வளையம் உள்ள பைகளை ஸ்டோமா நர்ஸைக் கேட்காமல் போடாதீர்கள். ஒட்டும் தட்டு தனியாக, பை தனியாக இருக்கும் வகை கிடைத்தால் தோலை அடிக்கடி உரிக்க வேண்டியிருக்காது. தலைவலி, மூட்டுவலி என்று இபுபுரூபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர் அதைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும்.

ஒரு கோப்பில் ஆபரேஷன் சம்மரி, கீமோ சீட்டு, எண்டோஸ்கோபி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மேலே ஒரு வெள்ளைத் தாளில், ஸ்டோமாவைச் சுற்றி வேரிசஸ் இருக்கிறது, போர்ட்டல் அழுத்தம் இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடுத்த முறை ஈரல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, ரத்தம் எதுவும் வராத அமைதியான நாளிலேயே, இங்கே டிப்ஸ் செய்யும் வசதி உண்டா, இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டு அந்தப் பெயரையும் போன் நம்பரையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.